ரிலாக்ஸ் ஆகச் சொன்னவர் கையில் ஒரு ஃப்ளாஸ்க்

போன சனிக்கிழமை பண்டாரவளையில் எங்களுக்கு ரிலாக்ஸ் ஆகக் கற்றுக்கொடுத்தார்கள். வகுப்பு காலை எட்டரைக்கு. பதுளையிலிருந்து நேரத்துக்குப் போய்ச் சேர நான் ஐந்து மணிக்கு எழுந்து, வீட்டில் இரண்டு பேரிடம் கத்தி, ஒரு பஸ்ஸைத் துரத்திப் பிடித்தேன்.

என் பிரஷர் கதை இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்கு மன அழுத்தத்தைக் குறைக்க ஒருநாள் பயிற்சி என்றதும், எங்கள் பாடசாலை அதிபர் யோசிக்காமல் என் பெயரை எழுதிவிட்டார்.

பயிற்சியாளர் கொழும்பிலிருந்து வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். நல்ல மனிதர்... ஆனால் நேரம் போதாத மனிதர்.

“சீக்கிரம் கண்ண மூடுங்க. பன்னிரண்டு மணிக்குள்ள எல்லாரும் ரிலாக்ஸ் ஆகி முடிக்கணும்” என்றார்.

மூடினோம்.

“இப்ப நீங்க ஒரு பச்சை மலையில நிக்கிறீங்க. சுத்தி பனிமூட்டம். சில்லுன்னு காத்து வீசுது...”

“ரத்தம் குடிக்கிற அட்டைய விட்டுட்டாரு டீச்சர்” என்றார் என் பக்கத்தில் இருந்த பெண், மிக மெல்ல.

அவர் பெயர் செல்வராணி. ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிறவர். அம்மாமார் கொழுந்தெடுக்க மலைக்குப் போனபின், கைக்குழந்தைகளும் தத்தித் தத்தி நடக்கிறவையும் மாலைவரை அவர் பொறுப்பு.

மதியம் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். கடைசி அறிவுரை இது: ‘மாதம் ஒருமுறையாவது மலைநாட்டுக்குச் சென்று வாருங்கள்.’ மலைநாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் எங்கே போவது? செல்வராணி தாளைத் திருப்பிப் பார்த்தார். “பின்பக்கம் வெள்ளையா இருக்கு. புள்ளைங்க படம் கீறும்” என்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதுவரை எல்லாம் சிரிப்புதான்.

பதுளைக்குத் திரும்பும் பஸ்ஸில் எங்களோடு பயிற்சியாளரும் ஏறினார். மறுநாள் அவருக்குப் பதுளையில் வகுப்பு. எனக்கும் செல்வராணிக்கும் முன் சீட்டில், பள்ளத்துப் பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தார். எல்லவுக்குப் பிரியும் சந்தியைத் தாண்டியதும் மழை பிடித்தது. ஒரு வளைவில் டிரைவர் சடாரென பிரேக் போட்டார். முன்னால் பாதி ரோட்டை மண் மூடியிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் இரண்டு கல் உருண்டு வந்தது.

மண் சரிவது எங்களுக்குப் புதிதல்ல. அதனாலேயே பயம் அதிகம். ஆளாளுக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாமியைக் கூப்பிட்டோம்.

அங்கே நிற்பதும் ஆபத்து. டிரைவர் பஸ்ஸைப் பின்னால் எடுக்கத் தொடங்கினார். கண்டக்டர் மழையில் இறங்கி, பஸ்ஸின் பக்கத்தைத் தட்டித் தட்டி, “வா... வா...” என்றும், சிங்களத்தில் சரி என்பதற்கு “ஹரி, ஹரி” என்றும் வழிகாட்டினார். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். ரோட்டைக் காணோம். பள்ளம்தான் தெரிந்தது.

முன்சீட்டில் இருந்த பயிற்சியாளர் எழுந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை. “கதவத் திறங்க. நான் இறங்கணும். மூச்சு... மூச்சு வரல” என்று சொல்லிக்கொண்டே வாசலை நோக்கித் தடுமாறினார்.

பின்னாலிருந்து எங்கள் வகுப்புக்கு வந்த ஓர் ஆசிரியை, அவர் காலையில் சொல்லித்தந்ததையே உண்மையான அக்கறையோடு சொன்னார்: “சார், மூச்ச இழுத்து நாலு எண்ணுங்க.”

அவர் எண்ணிப் பார்த்தார். “ஒண்ணு, ரெண்டு, ஏழு...”

ஒருவரும் சிரிக்கவில்லை. ஓடுகிற பஸ்ஸிலிருந்து அந்த மனிதர் இறங்கினால் பள்ளத்துக்குத்தான் போவார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

செல்வராணி எழுந்து அவர் முன்னால் நின்றார். பையிலிருந்து ஃப்ளாஸ்க்கை எடுத்து நீட்டினார்.

“சார், இதக் கொஞ்சம் புடிச்சுக்கிறீங்களா? மூடி சரியில்ல. சாஞ்சா சுடுதண்ணி கொட்டிரும். ரெண்டு கையாலயும் புடிங்க.”

அவர் வாங்கிக்கொண்டார். இரண்டு கையும் ஃப்ளாஸ்க்கில் இருந்தால் கம்பியை எப்படிப் பிடிப்பது? உட்கார வேண்டியதாயிற்று.

“நிமுத்தி வச்சுக்குங்க. ஆமா, அப்படித்தான். சாருக்கு எத்தன புள்ளைங்க?”

“ரெண்டு.”

“மூத்தது என்னங்க?”

“பொம்பளப் புள்ள.”

“சின்னதுல நல்லா அழுவுமா?”

அவர் யோசித்தார். “அழும். தூக்கினாத்தான் நிறுத்தும்” என்றார். கண் ஃப்ளாஸ்க்கை விட்டு அசையவில்லை. பஸ் அங்குலம் அங்குலமாகப் பின்னால் போனது. பின்சக்கரம் எதன் மீதோ ஏறி இறங்கியது. மகள் பேசிய முதல் வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார் அவர். அகலமான இடத்தில் பஸ் நின்றபோது மூச்சு சீராகியிருந்தது.

பெக்கோ இயந்திரம் வந்து மண்ணை அள்ள ஒரு மணி நேரம் ஆனது. பயிற்சியாளர் திருப்பிக் கொடுத்த ஃப்ளாஸ்க்கைச் செல்வராணி தலைகீழாகப் பைக்குள் போட்டதை நான் கவனித்தேன். அதில் ஒன்றுமே இல்லை. காலி.

“சுடுதண்ணின்னீங்களே?” என்று பிறகு கேட்டேன்.

“அழுவுற புள்ளக்கிட்ட அழாதன்னா கேக்குமா டீச்சர்? கையில ஏதாச்சும் குடுக்கணும்.”

“பிள்ளைக்காம்பராவில எத்தனை பேர்?”

“பத்தொம்போது.”

“எல்லாரும் ஒரே நேரத்துல அழுதா?”

“அழுவுங்க. ஆனா நெசமா அழுவுறது ஒண்ணோ ரெண்டோதான். மத்ததெல்லாம் அதப் பாத்து அழுவும். அந்த ஒண்ணு எதுன்னு கண்டுபிடிச்சிட்டா போதும்.”

இருபத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் நான். இது எனக்குத் தெரியாது. அந்தப் பஸ்ஸிலும் அவர் அதைத்தானே செய்தார்? அந்த ஒருவரைக் கண்டுபிடித்தார். நாங்கள் நாற்பது பேரும் அமைதியானோம். நான் அவர் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். சாதாரணக் கைகள்தான்... வியப்பு மட்டும் அடங்கவில்லை.

ஹாலிஎலவில் செல்வராணி இறங்க எழுந்தபோது பயிற்சியாளரும் எழுந்து நின்றார்.

“அடுத்த வகுப்புல நீங்க ஒரு மணி நேரம் பேசணும். நான் கூப்பிடுறேன். நெஜமாத்தான் கேக்கிறேன்.”

“லீவு கெடைக்காதுங்க சார். புள்ளைங்கள யாரு பாக்குறது?” என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துத் தோட்டத்துப் பாதையில் ஏறினார்.

பத்தொன்பது பேரைத் தூங்கவைக்கிறவர் எப்போது ரிலாக்ஸ் ஆகிறார் என்று கேட்க, எனக்கும் வரவில்லை தைரியம், பயிற்சியாளருக்கும் வரவில்லை.