வெள்ளை அடித்த காற்றாடி

மலையடிவாரத்தில், செங்கம் சாலையில் போர்டு எழுதுகிறவன் நான். சுவரோ தகரமோ, முதலில் வெள்ளை அடித்துவிட்டுத்தான் வண்ணத்தில் கை வைப்பேன்.

பக்கத்து விடுதியில் தங்கியிருந்த சென்னைப் பெண் ஒரு பெரிய காற்றாடியோடு வந்தாள். அது இழுக்க, பலகையில் நின்றபடி கடல்மேல் சறுக்குவார்களாம்.

"என் தம்பியோடதுண்ணா. அவன் இப்ப இல்ல. அவனுக்குப் பிடிச்ச இந்த மலைய இதுல வரைஞ்சு குடுங்க. கடல்ல ஒரு தடவ பறக்க விடணும்," என்றாள். துணியில் வரைவதற்கென்றே விற்கும் பேனாக்களையும் கொடுத்தாள்.

இருபது வருஷமாக பிரஷ் பிடிப்பவனுக்குப் பேனாவா என்று எனக்கு ரோஷம். மூடிகூடத் திறக்கவில்லை. வெள்ளை இரண்டு கோட் அடித்து, அதன்மேல் எனாமலில் மலையை வரைந்தேன்.

வாங்கும்போது, "பேனாவுல இவ்ளோ அழுத்தமா வருமாண்ணா?" என்று கேட்டாள்.

"வரும்மா," என்றேன்.

பத்து நாளில் திரும்பி வந்தாள். காற்றாடி மேலே எழும்பவே இல்லையாம். விரித்துக் காட்டினாள். மடித்த இடமெல்லாம் பெயின்ட் வெடித்து, துணியும் கிழிந்திருந்தது.

"எனக்குத்தான் ஒழுங்கா மடிக்கத் தெரியலண்ணா. அவனோடது இது ஒண்ணுதான் இருந்தது. அதையும் கெடுத்துட்டேன். உங்க படமும் வீணாப் போச்சு, மன்னிச்சுக்குங்க," என்று அழுதாள்.

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். "பரவால்லம்மா," என்றேன்.

அவள் போய்விட்டாள். திறக்காத பேனாக்கள் என் பெட்டியிலேயே கிடக்கின்றன. இந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த மலைதான் தெரிகிறது.