மாமியின் பென்ஷனும் என் ஸ்கூட்டரும்

என் மாமியார் சர்ச்சுக்கு வராமலிருக்க ஒவ்வொரு ஞாயிறும் ஒரு காரணம் சொன்னார். முட்டுவலி, மழை, வெள்ளைச் சேலை காயவில்லை. உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். விதவைப் பென்ஷன் சில மாதமாக வரவில்லை. காணிக்கைப் பையில் போட அவரிடம் சொந்தப் பணம் இல்லை. நான் நீட்டினால் வாங்க மாட்டார்.

"அது உனக்க காணிக்கையாக்கும்" என்பார்.

ஏன் வரவில்லை என்று என்னைத்தான் கேட்பார். வீட்டில் காமர்ஸ் படித்தவள் நான் ஒருத்தி. எனக்கோ ஒரு மண்ணும் புரியவில்லை. டிவியில் ஒருவர் டெல்லி பணம் தரவில்லை என்கிறார். இன்னொருவர் இங்கே இருந்ததைத் தின்று தீர்த்துவிட்டார்கள் என்கிறார். இருவர் சொல்வதும் சரி போலவே இருந்து தொலைக்கிறது. ஒருநாள் எரிச்சலில், தெரிந்த ஒன்றைச் சொல்லிவைத்தேன்.

"பெட்ரோலுக்கு லிட்டருக்கு ரெண்டு ரூவா கூடுதலு உண்டு மாமி. அது பென்ஷனுக்காக்கும்."

"எல்லா எடத்திலுமா?"

"இல்ல, கேரளத்துல மட்டும்."

அவர் என் ஸ்கூட்டரைத் திரும்பிப் பார்த்தார். "நீ எங்க அடிப்பே?"

எனக்கு வேலை களியக்காவிளையில், ஒரு ஜவுளிக்கடையில். எல்லை தாண்டினால் தமிழ்நாட்டு விலை, குறைவு. கேரளத்துக்குள் இருக்கும் எங்கள் உதியன்குளங்கரையிலிருந்து அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் அடிப்போம். அதைச் சொன்னேன்.

"பின்ன எனக்கு எப்பிடி வரும்?"

குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் குழப்பியது. என் இரண்டு ரூபாயா இவர் பென்ஷனை நிறுத்தியது என்று சிரிக்கவும் முடியவில்லை, இல்லை என்று அடித்துச் சொல்லவும் வாய் வரவில்லை.

அடுத்த மாதம் ஒரு மாதப் பென்ஷன் மட்டும் வந்தது. கூட்டுறவு வங்கி ஆள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். மீதி எப்போது என்று அவருக்கும் தெரியவில்லை. அந்த ஞாயிறு மாமி எனக்கு முன்பே வெள்ளைச் சேலையில் வாசலில் நின்றார்.

எங்கள் ஊர் ஜங்ஷன் பெட்ரோல் பம்ப் வந்ததும் என் தோளைத் தட்டினார். "வண்டிய உள்ள விடு மக்கா."

"டேங்குல பாதி உண்டு மாமி."

"இருக்கட்டு."

அடித்து முடிந்ததும் நான் பையைத் திறக்குமுன் அவர் கையை நீட்டினார். காணிக்கை போடுவதுபோல, எவ்வளவு என்று யாருக்கும் தெரியாதபடி மூடிய கை. பம்புக்காரர் புரியாமல் அதன் கீழே உள்ளங்கையைக் காட்டினார். மடித்த நோட்டு விழுந்தது.

சர்ச்சில் காணிக்கைப் பை எங்கள் வரிசைக்கு வந்தபோது மாமியின் கையைப் பார்த்தேன். அதே மூடிய கைதான். உள்ளே ஏதாவது இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.