திட்டுவதை நிறுத்திய சூப்பர்வைசர்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஆம்பூரில் டாக்டர் அறைக்கு வெளியே ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டுக்காக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் எதிர் வீட்டு மேரி. ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷன் சூப்பர்வைசர். வயது நாற்பத்தாறு. திட்ட ஆரம்பித்தால் அவர் குரல் கம்பெனி கேட் வரை கேட்கும்.

மூன்று மாதம் முன்பு இதே டாக்டர் எங்கள் இருவருக்கும் ஒரே தீர்ப்பு சொன்னார் — ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்கிற கொழுப்பு ரொம்ப ஜாஸ்தி. மேரிக்குக் கூடுதலாக ஒரு இடி. வேலூரில் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார். “இது குறையாம ஃபிட்னஸ் சர்டிபிகேட்ல கையெழுத்து கிடையாதும்மா” என்றுவிட்டார் டாக்டர்.

மறுநாளே பாலாற்று மணலில் இறங்கினார் மேரி. கொஞ்சம் நடை, கொஞ்சம் ஓட்டம், வாரம் ஐந்து நாள், ஷிஃப்டுக்கு முன்னால்.

நான்? விலை உயர்ந்த ஷூ வாங்கினேன். மேரி அதைத் திருப்பிப் பார்த்தார். “தையல் நல்லாத்தான் இருக்கு சார். சோல்தான் தேயவே இல்ல.”

பரீட்சைக்கு முதல் நாள் படித்தே டிகிரி வாங்கியவன் நான். ரத்தம் கொடுக்கும் அன்று காலை மூச்சு முட்ட அரை மணி நேரம் ஓடிவிட்டு, அப்படியே லேபில் போய்க் கையை நீட்டினேன். எப்படி என் புத்தி?

காத்திருக்கும்போது ரேவதி வந்தாள். மேரியின் லைனில் மிஷின் தைக்கும் பெண். கையில் ஒரு பை சாத்துக்குடி. முகத்தில் கலவரம்.

“மேடம், உண்மைய சொல்லுங்க. உடம்புக்கு இன்னா?”

“ஒண்ணும் இல்லடி. ஏன்?”

“நேத்து நாங்க தெச்ச ஒரு லாட் ஷூவே ரிஜெக்ட் ஆச்சு. நீங்க ஒரு வார்த்தை திட்டல. ‘பிரிச்சுத் தெச்சுக்கலாம்’னுட்டுப் போய்ட்டீங்க. இன்னிக்கு லீவு போட்டு டாக்டர்கிட்ட வேற வந்துட்டீங்க. லைனே பேஜாராயிடுச்சு மேடம். ரெண்டு பேரு அழுதுட்டாளுங்க!”

மேரி சிரித்தார். “திட்டணும்னு தோணலடி. தெனம் ஓடி ஓடி நெஞ்சுக்குப் படபடப்பு பழகிடுச்சு போல. ரிஜெக்ட்டுக்கெல்லாம் அது எழுந்துக்க மாட்டேங்குது.”

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் இரண்டு தாளையும் அருகருகே வைத்தார். மேரி தன் விரல்களைப் பின்னிக்கொண்டார்.

மேரியின் கொழுப்பு நார்மல். என்னுடையது… இருந்த இடத்திலேயே சௌக்கியமாக இருந்தது.

காலை ஓட்டத்தைச் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “திடீர்னு ஓடினா, யாரோ துரத்துறாங்கன்னு உடம்பு கார்டிசால் ஹார்மோனை அள்ளி விடும் சார். பழகின உடம்பு அதே ஓட்டத்துக்குக் கொஞ்சமாத்தான் விடும். ரத்தத்துல வர்ற கொழுப்பைப் புடிச்சு எரிக்கத் தசையும் கத்துக்கும். ஒரு நாள்ல ஆகாது.”

எனக்குப் புல்லரித்துவிட்டது. மணலில் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்த மேரிக்குள், அவருக்கே தெரியாமல், ஒரு சுரப்பி நிதானம் பழகியிருக்கிறது! தொடைத் தசை புதுத் தொழில் கற்றிருக்கிறது! எத்தனை புத்தகம் படித்திருப்பேன்… என் உடம்புக்கு ஒரு பக்கமாவது சொல்லிக்கொடுத்தேனா?

இன்னொரு ஆச்சரியம் — லேபுக்கு முன்பே ஒரு தையல் லைன் மேரியின் மாற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டது.

டாக்டர் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார். மேரி அந்தத் தாளை இரண்டு முறை படித்து, நாலாக மடித்து, பர்ஸுக்குள் வைத்தார்.

வெளியே ரேவதி திருதிருவென்று விழித்தபடி நின்றாள். “அப்ப இந்தப் பழத்த இன்னா பண்றது மேடம்?”

மேரி என்னைக் காட்டினார்.

“சாருக்குக் குடு. அவருக்குத்தான் உடம்பு சரியில்ல.”