மாக்கிறட் அக்கா பிடித்த ஒருசந்தி

என் அக்கா மாக்கிறட்டுக்கு ஐம்பத்தாறு வயது. வங்காலையில் ஒரு நண்டுக் கொம்பனியில் காலை ஏழு மணியிலிருந்து நின்றபடியே அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கிறார். பத்தொன்பது வருடமாக இதே வேலை. ஐஸ் தண்ணீரில் ஊறி அவருடைய விரல் நுனிகள் எப்போதும் வெளிறியே இருக்கும். ஒன்றை ஒருமுறை விளங்கிக்கொண்டாரென்றால் அதோடு சரி, பிறகு யாராலும் மாற்ற முடியாது.

போன மார்ச்சில் ரொறன்ரோவிலிருந்து மகள் டினோஜாவுடன் இரண்டு வாரம் அங்கே போக வேண்டியிருந்தது. அப்பாவின் காணி உறுதி விஷயம். டினோஜாவுக்கு ஏப்ரல் கடைசியில் பனித்தரைச் சறுக்கு நடனப் போட்டி. முந்தின வருடம் கணுக்கால் முறிந்து, சுகமாகி, அவள் மறுபடி இறங்கும் முதல் போட்டி. பயிற்றுநர் தாள் ஒன்று எழுதித் தந்திருந்தார்: ஒரு நாளைக்கு ஐந்து வேளைச் சாப்பாடு, காலையில் மூன்று முட்டை, சீனியும் பொரித்ததும் கூடாது, சோறு கொஞ்சம். பிறகு ஒற்றைக்கால் பயிற்சிகள்.

புறப்படுமுன் இதை அக்காவுக்குத் தொலைபேசியில் சொல்லப்போய்த்தான் நான் வினையைத் தேடிக்கொண்டேன். இங்கிலிஷ் கலந்தால் "வெள்ளைக்காரி கதைக்கிறா" என்று முகத்தை நெளிப்பார். அந்தப் பயத்தில் நல்ல தமிழ்ச் சொல்லாகத் தேடி, டினோஜா போட்டிக்காகச் சாப்பாட்டில் ஒறுத்தல் செய்கிறாள் என்று சொல்லிவிட்டேன். கடவுளுக்காகச் சாப்பாட்டைக் குறைப்பதற்குக் கோயிலில் சொல்லுகிற சொல். அதுவும் ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலம்.

நான் தினமும் விடியவே பஸ் பிடித்து மன்னார்க் கந்தோர்களுக்கு அலைந்தேன். இன்றைக்கு ஐயா இல்லை, நாளைக்கு வாங்கோ. நாளைக்குப் போனால் வேறொரு கடிதம். வெயிலில் காய்ந்து வீடு திரும்பினால், டினோஜா முற்றத்தில் ஒற்றைக்காலில் கைகளை விரித்து நிற்பாள், அவளுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு மதலேனா அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் முழந்தாளில் நின்று கைவிரித்துச் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஊர் வழக்கமாக்கும் என்று உள்ளே போய்விட்டேன். என்னை என்ன செய்யலாம்.

எட்டாம் நாள் பயிற்றுநர் வீடியோவில் வந்து ஒற்றைக்காலில் குந்தி எழும்பச் சொன்னார். நாலாவது தடவை டினோஜாவின் முழங்கால் உதறியது. இப்படியே திரும்பி வந்தால் போட்டிக்குப் பெயர் கொடுக்க மாட்டேன் என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார். அவள் அழவில்லை. கணுக்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

விசாரித்தால், பெரியம்மா விடியச் சாப்பாடு தருவதேயில்லையாம். பன்னிரண்டு மணிக்குக் கஞ்சியும் சம்பலும், இரவில் ஒரு துண்டுப் பாண். முட்டையை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டாராம். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"பெரியம்மாவும் சாப்பிடுறேல்லை அம்மா. பிறகு நான் எப்பிடிக் கேக்கிறது?"

அடுப்படிக்குப் போனேன். அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"நீதானே ஒறுத்தல் எண்டு சொன்னனி," என்றார். "கால் சுகமாகப் பிள்ளை நேர்ந்திருக்கு எண்டு நினைச்சன். தனிய விடலாமோ? நானும் எங்கட கோயில் அன்னம்மாளுக்கு ஒருசந்தி நேர்ந்தனான், விடியச் சாப்பிடுறேல்லை எண்டு, அந்தப் போட்டி முடியுமட்டும்."

வெறும் வயிற்றில், மதியம் வரைக்கும், நண்டு உடைத்துக்கொண்டு. அது நேர்த்தி இல்லை, உடம்பைத் தேற்றுகிற விளையாட்டுச் சாப்பாடு, இதற்கும் கோயிலுக்கும் சம்பந்தமில்லை என்று அரைமணி நேரம் விளங்கப்படுத்தினேன். அக்கா கையைத் துடைத்துவிட்டுப் போய் முட்டையைத் திருப்பி வாங்கி வந்தார். அன்றிலிருந்து டினோஜாவுக்கு ஐந்து வேளை, ஆறாவதும் கேட்காமலே வந்தது. மிச்சம் வைத்தால் பேச்சு.

ஆனால் தன்னுடையதை மட்டும் விடவில்லை. பிழையாக விளங்கி நேர்ந்தது செல்லாது, வேண்டுமானால் பங்குச் சுவாமியாரிடம் கேளுங்கள் என்றேன். கேட்கமாட்டாராம்.

"பிழை விட்டது நீ. அன்னம்மாளுக்குச் சொன்னது நான்," என்றார்.

ரொறன்ரோ வந்த பிறகும் எனக்கு இரண்டு கவலை. டினோஜாவின் முழங்கால் ஒன்று, வெறும் வயிற்றில் நிற்கும் அக்கா மற்றது. பயிற்றுநர் இரண்டு வாரம் பார்த்துவிட்டுத்தான் பெயர் கொடுத்தார். போட்டியில் டினோஜா ஒருமுறை விழுந்து, எழும்பி, முழுதும் ஆடி முடித்தாள். பதினொரு பேரில் ஏழாவது.

உடனே அக்காவை அழைத்தேன். எத்தனையாம் இடம் என்று அவர் கேட்கவேயில்லை.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது அக்கா."

"கால் நோகேல்லையே பிள்ளைக்கு?"

"இல்லை."

"அப்ப நாளைக்கு விடிய நான் சாப்பிடலாம்," என்றார்.