நாற்பத்திரண்டாம் பக்கம்

ஜெராக்ஸ் மெஷினிலிருந்து வந்த தாளைச் சுடச்சுடக் கன்னத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? அந்தச் சூடும் மை வாசனையும்தான் எனக்குச் சதுரங்கம். இரண்டாயிரத்து ஏழு வாக்கில், கடலூரில் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது, சீனியர் அக்கா ஒருத்தி ஒரே ஒரு நாளைக்குக் கொடுத்த, ஆட்டத்தைத் தொடங்கும் முறைகளைச் சொல்லும் செஸ் ‘ஓப்பனிங்’ புத்தகத்தை நானும் என் வகுப்புத் தோழி ஸ்டெல்லாவும் ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டோம். கடைக்காரர் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டார் போலிருக்கிறது. இரண்டு பிரதியிலும் நாற்பத்தொன்றாம் பக்கத்துக்குப் பிறகு நாற்பத்துநான்குதான் இருந்தது. நாங்கள் கவனித்தபோது புத்தகம் கைமாறிப் போயிருந்தது.

எத்தனையோ தொடக்கங்கள் இருக்க, பெயர் அழகாக இருந்த ஒரே காரணத்துக்காகக் கறுப்புக் காய்களுக்கான ‘சிசிலிய’னைத் தேர்ந்தெடுத்த மகா புத்திசாலி நான். அதை வாய்ப்பாடு போல ஒப்பிப்பேன். “பாடத்தத் தவிர எல்லாம் நல்லாத்தான் மனப்பாடம் ஆவுது” என்பார் அப்பா. பக்கம் விட்டுப்போனது அந்தச் சிசிலியனின் நடுவில்தான். அவ்வளவு தூரம் யார் வரப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

வந்தது ஸ்டெல்லாவேதான். சிதம்பரத்தில் மாவட்டப் போட்டி. கடைசிச் சுற்றுக்கு முன் நாங்கள் இருவரும் சமப் புள்ளியில் இருந்தோம், வென்றவளுக்கு மாநிலப் போட்டியில் இடம். அந்த இடத்தின் மேல் எனக்கு அப்படியொரு வெறி. பஸ்ஸில் ஒரே சீட்டில் வேர்க்கடலையை, எங்கள் ஊர்ப் பேச்சில் ‘மல்லாட்டை’, தின்றுகொண்டு வந்தவர்கள் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் வெள்ளை. நாற்பத்தொன்றாம் பக்கம் வரை இருந்த எட்டு நகர்த்தலையும் இருவரும் கடகடவென்று புத்தகப்படியே ஆடினோம். நாற்பத்தொன்று முடிந்தது. அவள் கொஞ்சமும் தயங்காமல் ஓரச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். வாய்ப்பாடு தீர்ந்துபோன நான் தோன்றியதையெல்லாம் நகர்த்தினேன். தோற்றேன்.

வெளியே வந்து அழுதுகொண்டிருந்த என்னிடம் ஸ்டெல்லா தன் பிரதியை விரித்துக் காட்டினாள். நடுவில் கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்றை ஊசி நூலால் தைத்திருந்தாள். முன்பக்கம் 42, பின்பக்கம் 43. பலகையை வைத்துத் தனியாக ஆடி ஆடி, அடித்துத் திருத்தி, அவளே எழுதியது.

“நீயும் எழுதியிருப்பேன்னுதான் நெனச்சன்டி” என்றாள்.

அதில் கேலியே இல்லை, அதுதான் சுட்டது. என்ன பெண் இவள் என்று மலைத்துப் போனேன். மறுநாள் அதே கடையில் அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன்.

இன்று அந்தக் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். எந்த நகர்த்தலுக்கும் போனே பதில் சொல்லிவிடுகிறது. விட்டுப்போன பக்கம் என்று யாருக்கும் ஒன்றுமில்லை. போன வருடம் அந்தப் புத்தகத்தின் அசல் கைக்கு வந்தது. ஆசையாக நாற்பத்திரண்டைப் புரட்டினேன். அதில் ஸ்டெல்லாவின் நகர்த்தல் இல்லவே இல்லை. மூடி வைத்துவிட்டேன். என் பிரதியில் நாற்பத்திரண்டாம் பக்கம் அவள் கையெழுத்தில்தான் இருக்கிறது.