நீட்டிய கால்

என் கணவர் தபால் ஓட்டக்காரர். ஏரலில் தபால் பையை வாங்கித் தோளில் போட்டு, சலங்கை கட்டிய ஈட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆற்றங்கரை வழியே கடலோர ஊர் வரைக்கும் ஓடுவார். அங்கே இருக்கிற பையை வாங்கிக்கொண்டு திரும்பி ஓடி வருவார். நடந்து போகிறவனுக்கு அந்த வேலையில் இடமில்லை. பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளியில் படித்து வாத்திச்சியான என்னைப் போயும் போயும் ஓட்டக்காரனுக்குக் கொடுத்தார்களே என்று என் சித்திமாருக்கு ரொம்ப நாள் ஆற்றாமை. எனக்கு அது இல்லை. அவர் வருவதற்கு முன்பே சலங்கைச் சத்தம் வந்துவிடும், நான் அடுப்பில் தண்ணீர் வைப்பேன். வீட்டில் கடிகாரம் இல்லாத குறை தெரிந்ததே இல்லை.

புதுச் சக்கரவர்த்திக்கு முடிசூட்டு என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்கண்டு கொடுத்தோம். அந்த வருஷத்து ஐப்பசி மழையில் வாய்க்கால் கரை உடைந்தது. பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு உடைப்பைத் தாண்டிக் குதித்திருக்கிறார். பாதம் சேற்றில் புதைந்து நின்றுவிட, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. பை நனையவில்லை. வலது முழங்கால் பாதி மடங்கினபடி பூட்டிக்கொண்டது. நீட்டவும் முடியாது, மடக்கவும் முடியாது. எண்ணெய் போட்டு உருவினார்கள், வீங்கியதுதான் மிச்சம். கொழுந்தன் பதிலாளாகப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

“மைனி, அண்ணன் வாரவரைக்கும் நான் ஓடுதேன். நீங்க பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போங்க,” என்றான். மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி அவரைக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். திரும்பவும் ஓட முடியுமா என்று.

ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டருக்கு மூட்டு என்றால் பைத்தியம். இதை நான் மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. காய்ச்சல்காரனைப் பார்க்கும்போது அவர் முகத்தில் கடமை இருக்கும், முழங்கால்காரனைப் பார்த்தால் முகமே வேறு. பனையேறிகள், மூட்டை சுமப்பவர்கள், ஓட்டக்காரர்கள் என்று கால் கெட்டவர்களாகத் தேடிச் சேர்த்து ஒரே வார்டில் வைத்திருந்தார். தினமும் வீக்கத்தை நாடாவால் அளப்பார். நடுவில் கீல் வைத்த பித்தளைச் சட்டத்தைக் காலோடு சேர்த்துப் பிடித்து, எவ்வளவு நீட்ட முடிகிறது என்று பார்ப்பார்.

பைபிளில் படித்த தமிழில் எனக்கு விளக்கினார். “அம்மா, முழங்காலுக்குள் பிறையைப் போன்ற இரண்டு மெத்தைகள் உண்டு. உம்முடைய புருஷனுக்கு ஒன்று கிழிந்து, கதவிடுக்கில் அகப்பட்ட கல்லைப் போலச் சிக்கிக்கொண்டது.”

மயக்க மருந்து கொடுத்துக் காலைத் திருப்பிப் பூட்டை விடுவித்தார். தேங்கிய நீரை ஊசியால் எடுத்தார். பிறகு காலின் பின்புறம் பலகை வைத்து, நேராக நீட்டிக் கட்டினார். தான் சொல்லும்வரை அந்த மூட்டு மடங்கவே கூடாது என்றார். வேறு டாக்டர்கள் மூட்டைத் திறந்து கிழிந்ததை வெட்டி எடுக்கிறார்களாம். திறந்தால் சீழ் பிடிக்கும் என்று இவருக்குப் பயம். அசையாமல் நீட்டி வைத்தாலே கிழிசல் கூடிவிடும் என்பது இவர் கணிப்பு. அதை நிரூபித்துத் தம் தேசத்து வைத்தியர்களுக்கு எழுத வேண்டும் என்று இருந்தார்.

ஆனால் கிழிசல் கூடவில்லை. அந்த வார்டில் ஒருவருக்கும் கூடவில்லை. கட்டுப் போட்டுக் கொஞ்சம் வற்றுகிற வீக்கம் மறுபடி ஏறிக்கொள்ளும். டாக்டர் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பார். “ஏன் என்று எனக்கு விளங்கவில்லை,” என்று என்னிடமே ஒருநாள் சொன்னார். பள்ளிக்கு விடுமுறை சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிப் பின்கட்டில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த நான் நாட்களை எண்ண ஆரம்பித்தேன். தபால் இலாகாவில் எவ்வளவு காலம் பதிலாளை வைத்துக்கொள்வார்கள்?

அந்த வார்டில் சாயங்காலம் ஜெபம் உண்டு. டாக்டரே நடத்துவார். வார்டின் நடுவில் செங்கல் தரையில் முழங்கால் போட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒவ்வொரு நோயாளிக்காகவும் உருகி உருகி ஜெபிப்பார். பெண்கள் அந்த நேரம் வெளியே நிற்பது வழக்கம். அன்றைக்கு மழை, அதனால் கதவோரம் ஒதுங்கி உள்ளே நின்றேன். ஜெபத்தில் கண் திறப்பவள் நான். பள்ளியில் அதற்காக அடியும் வாங்கியிருக்கிறேன், புத்தி வரவில்லை.

கண்ணைத் திறந்தேன். என் கணவர் கட்டிலில் உட்கார்ந்து கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பலகையைச் சத்தமில்லாமல் மெத்தையில் வைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு கீழே இறங்கி, அந்தக் காலை மடக்கி, ஊசி குத்திய முட்டி செங்கல்லில் அழுந்த முழங்கால் போட்டார். அடுத்த கட்டில்காரரும் அப்படியே. அதற்கடுத்தவரும். இறங்க முடிந்த அத்தனை பேரும் தரையில் இருந்தார்கள். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு, இவர்கள் மூட்டுகளைச் சுகப்படுத்தும் என்று கர்த்தரைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஆமென் சொல்வதற்குள் எல்லாரும் மேலே ஏறிக் கட்டைச் சுற்றிக்கொண்டார்கள். பழகிய கை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. டாக்டர் வெளியே போனதும் கட்டிலுக்குப் போனேன்.

“என்ன காரியம் செய்யுதீக? மடக்கக் கூடாதுன்னு அவ்வளவு சொல்லியிருக்காவ.”

“ஏட்டி, பைய பேசு. அவிய நமக்காவ முழங்கால் போட்டு ஜெபிக்கியாவ. நான் அவிய மூஞ்சிக்கு நேரா காலை நீட்டிக்கிட்டுக் கெடக்கவா?”

“கெடந்தா என்ன?”

“ஆண்டவருக்கு முன்னால காலை நீட்டச் சொல்லுதியா? மாடா நானு?”

“உங்க முட்டி நேராவணும்னு அவிய கேக்காவ. நீங்க அதே முட்டியை மடக்கிக்கிட்டு ஆமென் சொல்லுதீக.”

“சித்த நேரம் மடக்குனா ஒண்ணும் ஆவாது. கேக்கதையும் கேட்டுட்டு, காலையும் நீட்டிக்கிட்டு இருந்தா அவரு எப்படித் தருவாரு?” என்றார். பெரியவர்களுக்கு நேரே கால் நீட்டாதே என்று நான்தானே வகுப்பில் பிள்ளைகளை அதட்டுகிறேன்.

நேரே டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் வராந்தாவில் எழுதிக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“எல்லாருமா?”

“இறங்க முடிஞ்சவுக எல்லாரும்.”

“நான் கண்களை மூடியிருந்தேன்,” என்றார். தாம் எழுதிக்கொண்டிருந்த ஆராய்ச்சித் தாளை மடித்து ஒதுக்கினார். அவருக்குப் போனது காகிதம், எனக்குப் போவது கால் என்று எனக்கு உள்ளே எரிந்தது. ஆனாலும் அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. காலையில் அவிழ்க்கவே முடியாதபடி சுண்ணாம்புக் கட்டுப் போடுகிறேன், இனி வார்டில் யாரும் முழங்காலிட வேண்டாம், படுத்தபடியே ஜெபிக்கட்டும் என்றார்.

காலையில் சுண்ணாம்புக் கட்டுக்கு வேலை இருக்கவில்லை. என் கணவருக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. ஊசி குத்திய இடம் சிவந்து, முட்டி பளபளவென்று வீங்கிக் கிடந்தது. எதைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் பயந்தாரோ அதைத் திறக்க வேண்டியதாயிற்று. சீழ் வந்தது. மறுபடி திறந்தார், மறுபடி வந்தது. காய்ச்சல் இறங்காவிட்டால் தொடையோடு எடுக்க வேண்டியிருக்கும், அப்போதும் உயிருக்கு உறுதி சொல்ல முடியாது என்றார். நான் பின்கட்டில் உட்கார்ந்து ஜெபிக்கப் பார்த்தேன். முழங்கால் போட்டதும் அந்தச் செங்கல் தரைதான் நினைவுக்கு வந்தது. எழுந்துவிட்டேன். வேறு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நாட்களில் நான் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

காய்ச்சல் ஒருவழியாக இறங்கியது. கால் தப்பியது, ஆனால் மூட்டு போய்விட்டது. டாக்டர் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்கள் இருவருக்கும் சொன்னார். இனி எலும்பும் எலும்பும் ஒட்டிக்கொள்ளும், எந்த நிலையில் வைத்துக் கட்டுகிறோமோ அந்த நிலையிலேயே ஆயுளுக்கும் நிற்கும். நீட்டி வைத்தால் நன்றாக நடக்கலாம், ஆனால் எங்கே உட்கார்ந்தாலும் அந்தக் கால் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். மடக்கி வைத்தால் எல்லாரையும் போலத் தரையில் உட்காரலாம், ஆனால் கக்கத்தில் கட்டை ஊன்றாமல் நடக்க முடியாது. எப்படி வேண்டும்?

“மடக்கியே வச்சிருங்க ஐயா,” என்றார் என் கணவர். யோசிக்கவே இல்லை.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “ஓட்டம் போச்சு. இனிம நடந்து எங்க போவ? கோயில்லயும் பந்தியிலயும் நாலு பேருக்கு முன்னால காலை நீட்டிக்கிட்டு இருக்கதுக்கு, கட்டையை ஊனிக்கிட்டே போயிருதேன்.”

ஓடிய மனுஷன் சாகும்வரை கட்டையில் தொங்குவதை நினைத்துப் பார்த்தேன். என்ன சொல்லியும் இவர் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தது. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வார்டின் நடுத்தரையில் உட்கார்ந்தேன். இரண்டு காலையும் நேரே நீட்டினேன். டாக்டருக்கு நேராக, என் கணவருக்கு நேராக, சுவரில் மாட்டியிருந்த வேத வசனத்துக்கு நேராக. சுற்றிலும் ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“எந்திரி ஏட்டி. மானத்த வாங்காத.”

“மாட்டேன். நானும் நீட்டிட்டேன். வானம் இடிஞ்சு விழுந்துட்டா? ஆண்டவரு கோவிச்சா என்னையும் சேத்துக் கோவிக்கட்டும். நீங்க நடக்கணும்.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்குவது தெரிந்தது. திரும்பாமலே, “நீட்டியே கட்டுங்க ஐயா,” என்றார்.

பங்குனி வெயிலில் ஊருக்கு வந்தோம். தபால் பை கொழுந்தனுக்கே நிரந்தரமாயிற்று. அவன் சலங்கைச் சத்தம் எங்கள் தெருமுனைக்கு வரும்போது என் கணவர் கொல்லைப்பக்கம் நடந்து போய்விடுவார். நன்றாகவே நடந்தார், கட்டை இல்லாமல். கொழுந்தன் அதைக் கவனித்திருக்க வேண்டும். கொஞ்ச நாளில் எங்கள் தெருவுக்குள் வராமல் ஆற்றுப்பக்கம் சுற்றிக்கொண்டு ஓட ஆரம்பித்தான்.

டாக்டர் தம் ஆராய்ச்சியை முதலிலிருந்து தொடங்கினார். கணுக்கால் முதல் தொடை வரை சுண்ணாம்புக் கட்டு, கத்தி இல்லாமல் அவிழாது. வீக்கங்கள் வற்றின. அந்த வார்டில் எங்களோடு இருந்த பனையேறி ஒருவர் மறுபடி மரம் ஏறுகிறார் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம்தான். வயிறும் எரிந்தது. இரண்டையும் மறைக்க எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாரும் பாயில் உட்கார்ந்திருக்க, என் கணவர் மட்டும் கடைசியில் கதவோரம் சுவரில் சாய்ந்து நிற்பார். பிரசங்கம் எவ்வளவு நீண்டாலும் உட்கார மாட்டார். உட்கார்ந்தால் கால் பீடத்துக்கு நேரே நீளும். உட்காருங்கள் என்று நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன், அந்த ஒன்றில் என்னால் ஜெயிக்க முடியவில்லை.

ஜெபம் என்றதும் சபை முழுவதும் முழங்காலிடும். பெண்கள் பக்கத்தில் நான் முழங்காலிடுவதில்லை. இரண்டு காலையும் பீடத்துக்கு நேரே நீட்டி உட்கார்ந்து, கண்ணைத் திறந்துகொண்டு, திரும்பி அவரைப் பார்ப்பேன். பக்கத்தில் இருக்கிறவர்கள் என்னம்மா இது என்று கேட்டால், மூட்டு வலி என்று சொல்லிவிடுகிறேன்.