மூவரின் சம்மதக் கடிதம்

எனக்குப் பொறுமை கிடையாது. கல்யாணமான மூன்றாம் நாளே என் கணவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். அதற்கப்புறம் இருபத்திரண்டு வருடமாக அதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்பேர்ப்பட்ட நான், முகம் தெரியாத ஒரு மனிதருடைய பதிலுக்காக ஏழு வாரம் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். வாயை மூடிக்கொண்டு என்பது பொய். காத்திருந்தேன் என்பது மட்டும் நிஜம்.

நான் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். அவர் எரியோடு பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியர். கண்ணில் அழுத்தம் ஏறி, நரம்பு கெட்டு, மூன்று வருடமாக அவருக்குப் பார்வை சுருங்கிக்கொண்டே வந்தது. பாடம் நடத்துவதில் ஒரு குறையும் இல்லை, புத்தகம் முழுக்க மனப்பாடம். ஆனால் வினாத்தாளை ஆசிரியரே பள்ளிக் கம்ப்யூட்டரில் அடித்துத் தரவேண்டும் என்று புது ஏற்பாடு வந்தது. இவர் அடித்ததில் பாதி எழுத்து பக்கத்துச் சாவியில் விழுந்தது. தலைமையாசிரியர் நல்ல மனிதர்தான். "ஜூன் வரைக்கும் பாப்போம் சார். முடியலன்னா நீங்க லைப்ரரியப் பாத்துக்கங்க, வகுப்ப வேற ஆள்கிட்டக் கொடுத்துர்றேன்" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. "லைப்ரரில உக்காந்து எதக் கொண்டு படிக்க?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வாரமே உட்கார்ந்து ஒரு நிரல், அதாவது புரோகிராம், எழுத ஆரம்பித்தேன். சாவியைத் தட்டினால், விழுந்தது என்ன எழுத்து என்று கம்ப்யூட்டர் வாய்விட்டுச் சொல்லும். ஏற்கெனவே அப்படிப் பேசும் நிரல்கள் உண்டு. ஒன்றைப் போட்டுக் காட்டினேன். "இவன் என்ன, மூக்கடைச்சவன் மாதிரிப் பேசுறான்? ழகரம் வரவே இல்லயே" என்றார். பார்வை போனாலும் வாத்தியார் புத்தி போகுமா? ஆகவே இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் என் குரலிலேயே, போர்வையைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு, மாசி வெயிலில் புழுங்கிப் புழுங்கிப் பதிவு செய்தேன்.

அத்தோடு முடிந்ததா? அவர் பள்ளி லேபில் இருப்பதெல்லாம் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். வெளியிலிருந்து எதையும் கொண்டுபோய் ஏற்றக் கூடாது. அந்த லினக்ஸுக்கென்று ஒரு பொதுக் களஞ்சியம் இருக்கிறது. அதில் இருக்கும் நிரலை மட்டும்தான் ஏற்றலாம். களஞ்சியத்தில் சேர வேண்டுமானால், சம்பளம் வாங்காமல் இந்த வேலையைச் செய்யும் யாரோ ஒருவர் நம் நிரலை வரி வரியாகச் சோதித்து, சரி என்று சொல்லவேண்டும். ஜூனில் லேபுக்கு வரப்போகிற புதுப் பதிப்பில் இடம் வேண்டுமென்றால், அதன் சேர்க்கைக் கதவு மூடுவதற்குள் அந்தச் 'சரி' வரவேண்டும். அடுத்த கதவு திறக்க இரண்டு வருடம் ஆகும். இரண்டு வருடத்தில் இவருக்கு எவ்வளவு பார்வை மிஞ்சும் என்று டாக்டரே வாயைத் திறக்கவில்லை.

அனுப்பினேன். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். ஒரு சத்தத்தையும் காணோம்.

"அந்த ஆளு எந்த ஊரு புள்ள?" என்றார் இவர்.

"யாருக்குத் தெரியும்?"

"சிறுமலை வாழைப்பழம் ஒரு தார் அனுப்பி வைப்பமா?"

"ஏங்க, இது என்ன தாலுகா ஆபீசா?"

"எந்த ஆபீசா இருந்தாலும் பழம் பழந்தான?" என்றார். இந்த மனிதரை வைத்துக்கொண்டுதான் நான் குடும்பம் நடத்துகிறேன்.

நான்காம் வாரம் பதில் வந்தது. மிக மரியாதையான ஆங்கிலம். நிரல் நன்றாக இருக்கிறதாம். ஒரே ஒரு சந்தேகமாம். 'நாற்பத்தொரு கோப்புகளிலும் உரிமையாளர் வரியில் உங்கள் பெயருக்கு மேலே இன்னும் மூன்று பெயர்கள் இருக்கின்றன. அந்த மூவரின் மின்னஞ்சல் முகவரியும், இதை வெளியிட அவர்களுடைய எழுத்துப்பூர்வமான சம்மதமும் தேவை.'

எந்த மூன்று பேர்? திறந்து பார்த்தேன். தலையில் கை வைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் மளிகைச் சீட்டு எழுதினாலும் உச்சியில் ஒரு சிலுவை போட்டு, தேவபாலன், அவர் தாய், வளர்ப்புத் தந்தை என்று திருக்குடும்பத்து மூவர் பெயரையும் எழுதிவிட்டுத்தான் துவரம்பருப்புக்கே வருவோம். கை அதுவாக எழுதும். நாற்பத்தொரு கோப்பிலும் அதுவாகவே எழுதியிருக்கிறது. அதற்கு நேர் கீழே என் பெயர், வருடம், உரிமை. பார்க்கிற எவருக்கும் நாங்கள் நாலு பேர் கூட்டாகத் தொழில் நடத்துவதாகத்தான் தோன்றும்.

அது எங்கள் வீட்டு வழக்கம், வேண்டுதல் மாதிரி என்று விளக்கி எழுதினேன். மறுநாளே பதில்: 'புரிகிறது. ஆனாலும் உரிமை வரியில் உள்ள பெயர்களை விளக்கமில்லாமல் விட முடியாது. அவர்கள் இறந்து எழுபது ஆண்டுகள் கடந்திருந்தால் உரிமை காலாவதியாகியிருக்கும், பிரச்சினை இல்லை. மூவரும் இறந்துவிட்டார்கள் என்று உறுதிசெய்ய முடியுமா?'

மூவரில் ஒருவர் உயிர்த்தெழுந்த ஈஸ்டர் பெருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கையில் என்னிடம் கேட்கிற கேள்வியா இது? ஒருவரைப் பற்றி அப்படி எழுதிவிட்டு நான் எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவேன்? முடியாது என்று எழுதினேன். 'அப்படியானால் அவர்கள் சார்பில் பேச அதிகாரம் பெற்ற யாராவது எழுதித் தரலாம்' என்றார். விளையாடுகிறாரா, நிஜமாகத்தான் கேட்கிறாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அழித்துவிட்டால் ஒரு நிமிட வேலை. அழிக்கத்தான் உட்கார்ந்தேன். விரல் சாவியின் மேல் இருந்தது, ஆனால் அழுத்தவில்லை. அவர் கண்ணுக்காக எழுதிய நிரலிலிருந்து அந்த மூவரையும் வெளியே போகச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. கம்ப்யூட்டர் டீச்சர் பேசுகிற பேச்சா என்று கேட்காதீர்கள். பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

இரண்டு பேருமாக எங்கள் கோயில் பாதிரியாரான பங்குச்சாமியாரைப் பார்க்கப் போனோம். வாசலில் கணக்குப்பிள்ளை, "என்ன சர்டிபிகேட்டு டீச்சர்? ஞானஸ்நானமா, கல்யாணமா?" என்றார்.

"சம்மதக் கடிதம்."

"யாரு சம்மதம்?"

சொன்னேன். எழுந்து உள்ளே போய்விட்டார்.

பங்குச்சாமியார் முழுக் கதையையும் கேட்டார். சிரிப்பை அடக்கியதில் அவர் முகம் சிவந்துவிட்டது. "ஏம்மா, நான் என்ன அவங்க ஏஜென்ட்டா? கையெழுத்துப் போட்டா பிஷப் என்னயத்தான கேப்பாரு?" சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியின் கையெழுத்து இல்லாமல் சாமிக்கே உள்ளே போக வழியில்லை.

அப்போது இவர் பேசினார். "சாமி, எனக்கு உங்க முகம் இப்ப மங்கலாத் தெரியுது. வகுப்புல பிள்ளைக சத்தத்த வச்சே ஆளக் கண்டுபிடிச்சுருவேன். அந்த வகுப்பு போயிருச்சுன்னா எனக்கு ஒண்ணுமில்ல."

சாமியார் மேசை டிராயரை இழுத்தார். பங்கின் பெயர் அச்சிட்ட தாளை எடுத்தார். 'மேற்படி மூவரும், எமக்குத் தெரிந்தவரை, வரலாற்றில் எதன்மீதும் தனியுரிமை கோரியதில்லை. இந்த நிரலின்மீதும் கோரமாட்டார்கள் என்று நம்புகிறோம்' என்று ஆங்கிலத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். அதை ஸ்கேன் எடுத்து அனுப்பினேன். 'இன்னும் இருவரிடம் கலந்து பேசினேன். போதுமானது. இதை உரிமைக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்' என்று பதில் வந்தது.

அப்பாடா என்று நிமிர்ந்தால், அதே கடிதத்தில் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியிருந்தது. 'லௌ என்ற ஒலிக்கோப்பில் பின்னணியில் இசை கேட்கிறது. அந்த இசையின் உரிமை யாருடையது?'

போட்டுக் கேட்டேன். குஜிலியம்பாறை பஸ்! எங்கள் தெரு முனையில் திரும்பும்போதெல்லாம் ஆரனில் ஒரு சினிமாப் பாட்டை முழுசாக வாசித்துவிட்டுத்தான் போகும். ஒலி எட்டு ஊருக்குக் கேட்கும். போர்வை எம்மாத்திரம்? கதவு மூட மூன்றே நாள் இருந்தது. தெரு முனையில் பஸ்ஸை மறித்தேன்.

"அண்ணே, ரெண்டு நாளைக்கு மட்டும் ஆரன் அடிக்காதீக."

"பிரேக் இல்லாம ஓட்டச் சொல்லுங்க டீச்சர், ஓட்டுறேன். ஆரன் இல்லாம எப்படி?" என்றார் டிரைவர். பஸ்ஸே சிரித்தது. எனக்கு வந்த கோபத்தில் டயரைக் கடித்திருப்பேன்.

வீட்டிலேயே மறுபடி பதிவு செய்து பார்த்தேன். பஸ் நின்றால் குக்கர், குக்கர் நின்றால் மீன்காரர். திண்டுக்கல்லில் அமைதி என்று ஒன்று இருக்கிறதா? "கல்லறைத் தோட்டத்துக்குப் போவமா?" என்றார் இவர். இந்த மனிதர் சொன்ன ஒரே உருப்படியான யோசனை அதுதான். காலை பத்து மணிக்குப் போய், அவருடைய தாத்தா கல்லறைக்குப் பக்கத்தில் நின்று, மைக்கைப் பிடித்து, "லௌ" என்றேன். சரியாக வரவில்லை. "லௌ." வாத்தியார் தலையாட்டினார். "இன்னும் கொஞ்சம் இழு. லௌ." காவல்காரர் மெதுவாக வந்து தொப்பியைக் கழற்றி, "எறந்தது யாருங்கம்மா? வெளிநாட்டுக்காரரா?" என்று கேட்டார்.

"எழுத்துண்ணே" என்றேன். அவர் தொப்பியைப் போடாமலே போய்விட்டார்.

கதவு மூடும் நாள் காலையில் ஒற்றை வரி வந்தது: ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதற்குக் கீழே ஒரு சின்னக் குறிப்பு. 'என் பாட்டியும் கடிதத்தின் உச்சியில் அதே மூன்று பெயர்களை எழுதுவார். ஆனாலும் விதி விதிதான்.' பாவி மனிதா! இது தெரிந்தேதான் என்னை அந்த ஓட்டு ஓட்டினாயா? பழத்தாரை அனுப்பி, அதை உன் தலையில் போட்டிருக்க வேண்டும்.

இன்றைக்கு உலகத்தில் எந்த மூலையில் யார் அதை ஏற்றினாலும், 'மூவர் உரிமை கோரவில்லை' என்ற எங்கள் பங்குச்சாமியாரின் வரியும் கூடவே போய் இறங்குகிறது.

ஜூனில் பள்ளி திறந்தது. லேபில் ஏற்றிக் கொடுத்தார்கள். முதல் அலகுத் தேர்வுக்கான வினாத்தாளை அடிக்க அன்று அவர் உட்காருவதாக இருந்தது. எனக்கு அன்றைக்கு ஒரு பாடமும் ஓடவில்லை. மானிட்டரைப் பார்த்துக்கொண்டு, மணியைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளைக் காரணமில்லாமல் வைதேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றினார், முகம் கழுவினார், உட்கார்ந்தார். டீ டம்ளரோடு எதிரில் நின்றேன்.

"என்னங்க ஆச்சு? சொல்லித் தொலைங்களேன்."

"முழுத்தாளும் அடிச்சேன். ஹெட்மாஸ்டர் பின்னால நின்னு பாத்தாரு. ஒரு தப்பு இல்ல. வகுப்பு நம்மகிட்டத்தான்." நிறுத்தினார். "பிள்ளைகதான் சிரிச்சுட்டாங்க. ஒவ்வொரு எழுத்தயும் நீ வையிற மாதிரியே சொல்ற."

"வாய் இருக்கே உங்களுக்கு."

"ஆனா ஒண்ணு புள்ள. இருபத்திரெண்டு வருசத்துல இன்னைக்குத்தான், நான் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசாம அப்படியே திருப்பிச் சொல்லிருக்க."

எதிர்த்துப் பேசத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. சத்தம் வராமல் மூக்கை உறிஞ்சினேன்.

"அழுகிறியா?"

"இல்ல. வெங்காயம் உரிக்கிறேன்."

அவர் கையை நீட்டி டம்ளரைத் தடவி வாங்கினார். ஒரு வாய் குடித்தார்.

"டீக்கு எப்ப இருந்து வெங்காயம் போடுற?" என்றார்.